நாற்பது துளைக்கு ஒரு டிரில்

எங்கள் துளையிடும் பிரிவின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். அன்றன்றைய வேலைப் பட்டியலும் இலக்கும் அதில் எழுதப்பட்டு மாலையில் அழிக்கப்படும். மூலையில் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்த ஒரு வரியை மட்டும், நான் பெங்களூரில் அந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை: ‘40 துளைக்கு ஒரு டிரில்.’ கார்பன் இழைத் தகட்டில் (கார்பன் இழைகளை ரெசின் என்னும் பிசினால் பிணைத்துச் செய்த தகடு) 6 மில்லிமீட்டர் கார்பைடு டிரிலால் நாற்பது துளை போட்டு முடித்ததும், அதன் முனை எந்த நிலையில் இருந்தாலும் கழற்றிச் சாணைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அதன் பொருள். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, தரக்கட்டுப்பாட்டினர் உற்பத்திப் பிரிவைக் கைகாட்டினார்கள். உற்பத்திப் பிரிவினர் டூல் விற்பனையாளரைக் கைகாட்டினார்கள். அவரோ, “உங்க ஆளுங்க கொடுத்த நம்பர்தானே சார்” என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு பழைய கோப்பில் அதன் பிறப்பு கிடைத்தது. வேறொரு ரெசினில், வேறொரு தடிமனில், மூன்றே மூன்று டிரில்களை வைத்துக்கொண்டு எப்போதோ ஒரு சோதனை நடந்திருக்கிறது. அவற்றில் முதலில் கெட்ட டிரில் ஐம்பதைத் தாண்டியபின் பழுது காட்டியிருக்கிறது. யாரோ ஒருவர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று பத்தைக் கழித்து நாற்பது என்று எழுதி வைத்துவிட்டார்.

அந்த எண் பொய்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு மூடித் தகட்டில் துளையிட்டுக்கொண்டிருந்தோம். ப்ரீப்ரெக் எனப்படும் ரெசின் ஊறிய இழைத் தாள்களை அடுக்கி, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தச் சூட்டுக்கலத்தில் வேகவைத்து, ஓரம் வெட்டி, உட்பழுதைத் தேடும் அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனையும் முடிந்து வந்த தகடு அது. துளையிடுதல் ஏறத்தாழக் கடைசி வேலை என்பதால், அங்கே நேரும் பிழைக்கு முந்தைய எல்லா வேலைகளின் விலையையும் கொடுக்க வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரரான ஆபரேட்டர், என்னைவிட இருபது வயது மூத்தவர், எந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கூப்பிட்டார். “சார், சத்தத்துல ஒண்ணும் தெரியல. மேல்பக்கமும் சுத்தமா இருக்கு. பின்பக்கம் மட்டும் வந்து பாருங்க.”

டார்ச் அடித்து, பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். துளையின் வெளியேறும் விளிம்பில், வெட்டுப்படாத இழைகள் தேங்காய் நார் போல உள்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. கடைசி அடுக்கு, இழை ஓடிய திசையிலேயே பிய்ந்து, பழம்பாயின் ஓரத்தில் கோரை பிரிவதுபோல விளிம்பிலிருந்து சற்றுத் தூக்கி நின்றது. கண்ணாடி இழைத் தகடாக இருந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்த இடம் வெள்ளையாக வெளிறி, வெறுங்கண்ணுக்கே காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் தகடு கருப்பு. அதன் வயிற்றுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதை அல்ட்ராசோனிக் கருவியை வைத்துத்தான் கேட்டறிய வேண்டும். கேட்டோம். துளையைச் சுற்றி ஒரு வளையம் முழுவதும் பிரிந்திருந்தது. அது அந்த டிரிலின் 23-ஆவது துளை.

உடனே டிரிலைக் கழற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். வெட்டு விளிம்பு கூர்மையாகவே தெரிந்தது. அதே வாரத்தில், நாற்பதை எட்டியதற்காகக் கழற்றி டப்பாவில் போட்டிருந்த டிரில்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், அவற்றில் பல இன்னும் வேலை செய்யக்கூடிய நிலையில் இருந்தன. விதி நல்ல டிரில்களைத் தூக்கி எறிந்திருக்கிறது, கெட்ட டிரிலை உள்ளே விட்டிருக்கிறது. அன்றைக்கு நுண்ணோக்கியில் நான் செய்த ஒரு தவறு பல வாரங்கள் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உலோகம் வெட்டுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இவ்வளவு கடுமையாக வருவதில்லை. எஃகைக் கடையும்போது டூல் மழுங்கத் தொடங்கினால் வெட்டுண்டு வரும் உலோகச் சுருளின் நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு ஏறும், சத்தம் மாறும், விளிம்பில் பிசிறு தட்டும், பரப்பின் மினுமினுப்புப் போய்விடும். லேத்தின் முன் நிற்பவருக்கு டூலின் உடல்நிலையை அறிய நான்கைந்து வழிகள் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர் 26 ஆண்டுகள் எஃகை வெட்டிப் பார்த்து, வெட்டும் வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் உள்ள உறவை ஒரே சமன்பாடாக்கி 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வெளியிட்டபோது, அந்தச் சமன்பாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பட்டறைகளில் புழங்கக் காரணம், அவர் வெட்டிய உலோகம் ஓரளவு எங்கும் ஒரே மாதிரியானது என்பதுதான். ஒரு கம்பியின் இந்த முனையும் அந்த முனையும் டூலுக்கு ஒன்றே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அங்கே செல்லும்.

கார்பன் இழைத் தகட்டில் அந்தப் பதம் செல்லாது. ஒரு கார்பன் இழையின் விட்டம் 5 முதல் 7 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி அதைப்போலப் பத்து மடங்கு தடிமன். அந்த இழைகளை எப்பாக்ஸி ரெசின் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழை கடினமானது, உரசக்கூடியது, உடையக்கூடியது. ரெசின் மென்மையானது, சூட்டுக்கு இளகக்கூடியது. டிரிலின் விளிம்பு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இவ்விரண்டையும் மாறி மாறிச் சந்திக்கிறது. இங்கே சுருள் கிடையாது, மாவு போன்ற கரும்பொடிதான் வரும். ஆகவே சுருளின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் வித்தை முதல் நாளிலேயே கைவிட்டுப் போகிறது.

எங்கள் வேலையின் கணக்கையே சொல்கிறேன். 6 மில்லிமீட்டர் டிரில், நிமிடத்துக்கு 80 மீட்டர் வெட்டும் வேகம் என்றால் ஸ்பிண்டில், அதாவது டிரிலைப் பிடித்துச் சுழற்றும் தண்டு, நிமிடத்துக்குச் சுமார் 4,200 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 0.05 மில்லிமீட்டர் ஃபீடு (டிரில் கீழே இறங்கும் தூரம்) கொடுத்தால் 5 மில்லிமீட்டர் தகட்டைக் கடக்க நூறு சுற்றுகள் தேவைப்படும். அதாவது டிரிலின் வெளிமூலை ஒரு துளைக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் தூரம் இழைகளை உரசியபடி ஓடுகிறது. துளை முழுவதும் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். டிரிலுக்கு இரண்டு லிப்புகள், அதாவது எதிரெதிரான வெட்டு விளிம்புகள், இருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு சுற்றில் எடுக்கும் பங்கு 25 மைக்ரான் மட்டுமே. நல்ல கார்பைடு டிரிலின் புது விளிம்பையும் போதிய உருப்பெருக்கத்தில் பார்த்தால் அது சில மைக்ரான் ஆரமுள்ள வளைவுதான். அந்த வளைவு தேய்ந்து தேய்ந்து 25 மைக்ரானை நெருங்கும்போது, விளிம்பு இழையை அறுப்பதை விட்டுவிட்டு அதை அழுத்தி மடக்கித் தள்ளத் தொடங்கிவிடுகிறது. கார்பைடு என்று நாம் சொல்வது, டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைக் கோபால்ட் என்னும் பசை பிடித்திருக்கும் ஒரு கலவை. உரசும் இழையும் பொடியும் முதலில் அந்த மென்மையான கோபால்ட்டை அரித்தெடுக்கின்றன. பிடிப்பை இழந்த துகள்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. பள்ளம் விழுவதில்லை, விளிம்பு உடைவதும் குறைவு. ஆற்றுக் கூழாங்கல் உருள்வதுபோல விளிம்பு வழவழப்பாக உருண்டுபோகிறது.

இதனால்தான் உலோகத்துக்கான அளவுகோலை இங்கே கொண்டுவந்து வைத்தால் ஏமாந்துபோகிறோம். கடைசல் டூலின் ஆயுளைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 3685 தரநிலை, டூலின் பக்கவாட்டில் விழும் தேய்மானப் பட்டையின் சராசரி அகலம் 0.3 மில்லிமீட்டரை எட்டினால் ஆயுள் முடிந்தது என்று கொள்கிறது. கார்பன் தகட்டில் விளிம்பு இரு பக்கமும் சேர்ந்து உருள்வதால், அந்தப் பட்டை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போடுவதே சிரமம். 2009-இல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபராஸ், பியர்மான், வைனர்ட் ஆகிய மூவரும் பட்டையின் அகலத்துக்குப் பதிலாக விளிம்பின் உருட்சியையே தேய்மான அளவாகக் கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த அன்றே எங்கள் அளக்கும் முறையை மாற்றினோம். பல் மருத்துவர் அச்செடுப்பதைப்போலச் சிலிக்கோன் பசையில் டிரிலின் முனையை அழுத்தி, இறுகியதும் குறுக்கே அறுத்து, அந்த அச்சின் வளைவை நுண்ணோக்கியில் அளந்தோம். விலை அதிகமான கருவி ஏதும் தேவைப்படவில்லை; பொறுமைதான் தேவைப்பட்டது.

ஆனால் ஒவ்வொரு டிரிலையும் கழற்றி அச்செடுத்துக்கொண்டிருந்தால் உற்பத்தி நின்றுவிடும். வெட்டிக்கொண்டிருக்கும்போதே டூலின் நிலையை அறிய வேண்டும் என்றால் அது வெளியிடும் ஏதேனும் ஒரு சமிக்ஞையைப் பிடிக்க வேண்டும். எதைப் பிடிப்பது என்பதற்கு 1990-இல் ஹோசெங், தரன் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு வழிகாட்டியது. டிரில் கீழ்நோக்கித் தள்ளும் விசை, அதாவது திரஸ்ட், ஓர் எல்லையைத் தாண்டினால், இன்னும் வெட்டப்படாமல் அடியில் மிஞ்சியிருக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடும். அந்த எல்லை, மிஞ்சியிருக்கும் தடிமனின் 1.5-ஆவது படிக்கு (கணிதத்தில் சொல்லும் படி) விகிதமாகக் குறைகிறது. தடிமன் பாதியானால் தாங்கும் விசை பாதியாவதில்லை, ஏறத்தாழ 35 சதவீதமாகிவிடுகிறது. ஆகவே துளையின் பெரும்பகுதியில் டிரில் எவ்வளவு முரட்டுத்தனமாக நடந்துகொண்டாலும் தகடு பொறுத்துக்கொள்ளும். கடைசி இரண்டு மூன்று அடுக்குகளில்தான் பொறுக்காது. மழுங்கிய டிரில் எப்போதும் பின்பக்கத்திலேயே காட்டிக்கொடுப்பதற்கு இதுவே காரணம். ஆபரேட்டர் நிற்பதோ முன்பக்கம்.

முதலில் செலவில்லாத வழியை முயன்றோம். சிஎன்சி எந்திரம், அதாவது கணினி இயக்கும் எந்திரம், ஸ்பிண்டிலின் மின்னோட்டத்தைத் தானே காட்டுகிறது, அதையே பதிவு செய்தால் போயிற்று என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் துளைக்கு வேண்டிய முறுக்குவிசை அரை நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. அந்தச் சுற்று வேகத்தில் அதற்குச் சுமார் 200 வாட் போதும். எங்கள் ஸ்பிண்டிலோ 10 கிலோவாட். டிரில் பாதி தேய்ந்து முறுக்குவிசை கொஞ்சம் கூடினால், அந்த மாற்றம் பேரிங்கின் உராய்விலும் மோட்டாரின் ஏற்ற இறக்கத்திலும் காணாமல் போகிறது. லாரி எடைபோடும் மேடையில் வெள்ளிக் கொலுசை நிறுக்கப் போன கதை அது. பொருள் முறியும்போது எழும் நுண்ணோசையைப் பிடிக்கும் அக்கூஸ்டிக் எமிஷன் உணரியையும் ஒருவரிடம் இரவல் வாங்கி, தகட்டைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சரில் கிரீஸ் தடவி ஒட்டிப் பார்த்தோம். இழை முறியும் ஓசையை அது நூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அற்புதமாகப் பிடித்தது. ஆனால் உணரியை ஒரு கை அளவு தள்ளி வைத்தால் காம்போசிட், அதாவது இழையும் ரெசினும் சேர்ந்த தகட்டுப் பொருள், அந்த ஓசையில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. பெரிய தகட்டில் ஒவ்வொரு துளைக்கும் உணரியை நகர்த்தி ஒட்டிக்கொண்டிருக்க முடியாது.

மிஞ்சியது டைனமோமீட்டர் என்னும் விசை அளக்கும் கருவி. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று மூன்று மாதத்துக்குக் கடன் கொடுத்தது. அழுத்தினால் மின்னூட்டம் காட்டும் பீசோ படிகங்கள் பொருத்திய, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அந்தப் பெட்டியின் மேல் தகட்டைப் பொருத்தித் துளையிட்டால், மேலிருந்து கீழாகவும் இரு பக்கவாட்டிலும் வரும் விசைகளைத் தனித்தனியாகக் காட்டும். முதல் வாரத்தில் எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. டிரில் தேயத் தேயத் திரஸ்ட் ஏறிக்கொண்டே போனது. முறுக்குவிசையைவிடத் தெளிவாக ஏறியது. ஒரு வரம்பைக் குறித்துவிட்டு, அதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும்படி செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். இடையில் ஒருநாள், உறிஞ்சு குழாய் அடைத்துக்கொண்டதால் பறந்த கரும்பொடி ஆம்ப்ளிஃபையருக்குள் புகுந்து அதை ஊமையாக்கியது. கார்பன் பொடி மின்சாரத்தைக் கடத்தும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். அந்த ஆம்ப்ளிஃபையரைப் பழுதுபார்த்துக் கொடுத்த செலவு என் கணக்கில் இன்றும் பேசப்படுகிறது.

இரண்டாம் மாதம் வேறு வகைத் தகடுகளை வைத்தபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. புத்தம்புது டிரில், ஆனால் திரஸ்ட் முந்தைய தகட்டில் முப்பது துளை போட்ட டிரில் காட்டிய அளவுக்கு வந்தது. ரெசின் வேறு, அடுக்கின் வரிசை வேறு, அவ்வளவுதான். சிவப்பு விளக்கு முதல் துளையிலேயே எரிந்தது. வைரப்பூச்சுள்ள டிரில் இன்னொரு விதமாக ஏமாற்றியது. பூச்சின் தடிமன் விளிம்பைச் சற்று உருண்டையாக்கிவிடுவதால், புதிதாக இருக்கும்போதே அதன் திரஸ்ட் பூச்சில்லாத டிரிலைவிடக் கூடுதல்; பிறகு நெடுநாள் ஏறாமல் சமமாகப் போகும்; பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்ததும் திடீரென்று தாவும். எல்லாவற்றிலும் மோசமானது சூடு. மழுங்கிய டிரில் கூடுதலாக உரசுகிறது, துளைச் சுவர் சூடாகிறது, ரெசின் இளகுகிறது, இளகிய ரெசின் இழையை விட்டுக்கொடுக்கிறது. விளைவாக, இடைவிடாமல் துளையிடும்போது தேய்மானத்தால் ஏற வேண்டிய திரஸ்டின் ஒரு பகுதியைச் சூடே மறைத்துவிடுகிறது. அளவி நலமென்று காட்ட, துளை கெட்டுக்கொண்டிருக்கும்.

டூல் தேய்மானக் கண்காணிப்பு என்ற பெயரில் வரும் பல பேச்சுகளோடு எனக்குள்ள சண்டை இங்கேதான். சமிக்ஞை கிடைப்பதில் எங்களுக்குக் குறையே இருக்கவில்லை. ஏறிய சமிக்ஞை டூலைப் பற்றிச் சொல்கிறதா, பொருளைப் பற்றிச் சொல்கிறதா என்று பிரிக்கத்தான் வழியில்லாமல் இருந்தது. ஒரே தகட்டில், ஒரே தொகுதி ரெசினில், முப்பது டிரில்களின் சமிக்ஞைகளைக் கொடுத்து ஒரு நியூரல் நெட்வொர்க்கை (தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி நிரலை) பழக்கினால், அதே தகட்டில் அது அபாரமாக ஊகிக்கும். அடுத்த தகடு வந்ததும், அது கற்றுக்கொண்டது டூலின் தேய்மானத்தை அல்ல, அந்தத் தகட்டின் குணத்தைத்தான் என்பது வெளுத்துவிடும். இன்னும் நான்கு உணரிகளைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களிடம், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கேட்பவருக்கு என்ன புரியும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பிரிப்பதற்கான முதல் நூல் முனை, நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த பக்கவாட்டு விசையில் கிடைத்தது. நிமிடத்துக்கு 4,200 சுற்று என்றால் நொடிக்கு 70. ஒரே திசையில் இழை ஓடும் அடுக்கை டிரில் கடக்கும்போது, ஒவ்வொரு லிப்பும் ஒரு சுற்றில் இருமுறை இழைக்கு நெடுக்காகவும் இருமுறை குறுக்காகவும் செல்கிறது. ஆகவே இழையின் பேச்சு திரஸ்டில் நொடிக்கு 140 துடிப்பாக வருகிறது. இரு லிப்புகளும் ஒன்றுபோல வெட்டினால் அவற்றின் பக்கவாட்டு விசைகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்று மட்டும் அதிகம் வெட்டினால் அந்தச் சமன் கெட்டு, பக்கவாட்டில் நொடிக்கு 70 என்ற துடிப்பு தலைதூக்கும். அது டூலின் பேச்சு. தகடு எதுவாக இருந்தாலும் அதே இடத்தில் வரும். சாணைபிடித்து வந்த ஒரு டிரிலில் இந்த 70 பெரிதாக எழுந்ததைக் கண்டு, கழற்றி இரு லிப்புகளின் உயரத்தையும் அளந்தேன். ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 30 மைக்ரான் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு லிப்பின் பங்கே 25 மைக்ரான்தான் எனும்போது, நீண்டது எல்லா வேலையையும் தானே செய்கிறது, குட்டையானது தகட்டைத் தொடுவதே இல்லை.

அப்போதுதான் 23-ஆவது துளையின் டிரில் நினைவுக்கு வந்தது. பெட்டியிலிருந்து தேடி எடுத்து மறுபடி நுண்ணோக்கியில் வைத்தேன். அன்று பார்த்த லிப் இன்றும் கூர்மையாகவே இருந்தது. பிடிப்பானைத் தளர்த்தி டிரிலை அரைச் சுற்றுத் திருப்பினேன். மறுபக்கத்து லிப் மொழுமொழுவென்று உருண்டிருந்தது. அன்றைக்கு நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு டிரில் நன்றாக இருக்கிறது என்று அறிக்கையும் எழுதியிருக்கிறேன். வேலையே செய்யாத லிப்பைப் பார்த்துத்தான் டிரிலுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் முறை இது. டைனமோமீட்டரின் மேல் பெரிய தகடு எப்படியும் உட்காராது. ஆகவே எந்திர மேசையின் ஓரத்தில் அதை நிரந்தரமாகப் பொருத்தி, அதன்மேல் சாட்சித் தகடு என்று நாங்கள் அழைக்கும் சிறு துண்டை வைக்கிறோம். ஒரே தொகுதி ப்ரீப்ரெக்கில், ஒரே அடுக்கு வரிசையில், மொத்தமாகச் செய்து வெட்டி வைத்த துண்டுகள் அவை. பத்துத் துளைக்கு ஒருமுறை எந்திரம் தானே அங்கே போய், சில நொடிகள் காத்து டிரிலைக் குளிரவிட்டு, ஒரு துளை போட்டுத் திரும்புகிறது. பொருள் மாறாதது, சூடு மாறாதது. எனவே அங்கே திரஸ்ட் ஏறினால் டூல்தான் காரணம். முழுத் துளையின் சராசரியை நாங்கள் பார்ப்பதில்லை. டிரிலின் நடுமுனை வெளியேறுவதற்குச் சற்று முந்தைய சிறு பகுதியை மட்டும் எடுத்து, அதே டிரில் புதிதாக இருந்தபோது காட்டிய அளவோடு ஒப்பிடுகிறோம். பக்கவாட்டுத் துடிப்பை முதல் துளையிலேயே பார்த்துவிடுகிறோம். அது மிகுந்தால் அந்த டிரில் உற்பத்தித் தகட்டைத் தொடாமலே சாணைக்குத் திரும்பிப் போகிறது. சாணை பிடிப்பவருக்கு எங்கள்மேல் கோபம்தான். ஆனால் லிப் உயரத்தை அளந்து அனுப்பும் பழக்கம் அவருக்கும் வந்துவிட்டது.

சிவப்பு வரி முற்றிலும் அழியவில்லை. போயிங் 787-இன் எடையில் பாதியும் நம் தேஜஸ் விமானக் கட்டமைப்பின் எடையில் 45 சதவீதமும் காம்போசிட் என்று பெருமையாகப் படிக்கிறோம். அந்த உறுப்புகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்தில், சிஎன்சியின் கை எட்டாத வளைவுகளில், துளைகளில் ஒரு பங்கை இன்றும் கையால் பிடிக்கும் காற்று டிரில்தான் போடுகிறது. அங்கே ஃபீடு என்பது ஆபரேட்டரின் தோள் கொடுக்கும் அழுத்தம். ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரி தள்ளுவார், மதிய உணவுக்குப் பின் வேறு மாதிரி தள்ளுவார். சாட்சித் தகட்டுக்கு அங்கே இடமில்லை. கையால் துளையிடும் அந்த மேசைக்கு மேலுள்ள பலகையில் எண்ணை இருபதாகக் குறைத்து எழுதியிருக்கிறோம். கூடவே, தகட்டுக்குப் பின்னால் மரப்பலகை அணைக்கப்படாமல் யாரும் துளையிடக் கூடாது என்றும், முடித்ததும் மறுபக்கம் போய் டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். கிருஷ்ணகிரிக்காரர் ஓய்வுபெறும் முன் அந்த மேசைக்குத்தான் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த பையன்களைத் துளை போடச் சொல்வதற்கு முன், நுண்ணோக்கியில் டிரிலை வைத்து, அரைச் சுற்றுத் திருப்பி, இரண்டு லிப்பையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.